தண்டில் கட்டிய நூல்

ஏப்ரல் 18. ஒரு தவறு. போன வருடம் நாலிதழ்ப் பூவுக்கு அடையாளமாக நூலைத் தண்டிலேயே கட்டினேன். கோடையில் தண்டு மடிந்து மண்ணோடு போய்விடும் என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் குச்சி நட்டு அதில் கட்டியிருக்க வேண்டும். இந்த வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் இப்போது பூத்திருப்பது அதே செடிதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. (என் தவறுதான்.)

அடைப்புக்குறிக்குள் இருந்ததை அடித்துவிடலாமா என்று சின்னவள் யோசித்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னடி, மறுபடியும் தப்பா?"

அக்காவின் கண்கள் மூடியே இருந்தன.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பேனா நின்னுச்சே. நல்லது நடந்தா கடகடன்னு எழுதுவ. தப்பைக்கூடத் தேதி போட்டு எழுதறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

இரண்டு வாக்கியத்துக்கு நடுவே அக்காவுக்கு ஆக்சிஜன் இயந்திரம் மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்னறையில் சோபாவை எடுத்துவிட்டு அங்கே கட்டிலைப் போட்டு நாலு மாதம் ஆகிறது. ஜன்னலைத் திறந்தால் பஸ் பணிமனையின் தகரக் கூரையும், அதற்குப் பின்னால் காட்டின் விளிம்பும் தெரியும். அது தெரிய வேண்டும் என்பதற்காகவே அக்கா அந்த இடத்தைக் கேட்டாள்.

அக்கா சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மூன்று மருத்துவமனைகளின் விரிப்புகள் அங்கே துவைக்க வரும். எது எந்த மருத்துவமனையினுடையது என்று தெரிவதற்காக ஓரத்தில் சிவப்பு, நீலம், பச்சை நூலால் தைத்து அடையாளம் போடுவது அவள் வேலை. ஒல்லி உடம்பு, கூரான வாய். கூட வேலை செய்தவர்கள் வைத்த குண்டூசி என்ற பெயர் அவள் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டது. நாலிதழ்ப் பூவுக்குக் கட்டிய சிவப்பு நூலும் அவள் பெட்டியிலிருந்து எடுத்ததுதான்.

பூவை முதலில் பார்த்ததும் அவள்தான். போன வசந்தத்தில், இன்னும் நடக்க முடிந்த நாட்களில், இருவரும் காட்டுக்குள் போனார்கள். மரங்களின் அடியில் தரையெங்கும் மூவிலைப் பூ. மூன்று இலை, அதன்மேல் மூன்று வெள்ளை இதழ், அவ்வளவுதான். சின்னவள் காட்டுப் பூக்கள் பற்றிய மாலை வகுப்பில் கற்றுக்கொண்டபடி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா மூச்சு வாங்க ஒரு வேரின்மேல் உட்கார்ந்தவள், "இங்க ஒருத்திக்கு ஒரு கை கூட இருக்குடி" என்றாள். நான்கு இலை, நான்கு இதழ்.

காட்டுப் பூக்களில் இப்படி மாறி வருகிற வடிவங்களுக்குத் தனிப் பெயர் உண்டு என்று அறிந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"என் பேரை வை. குண்டூசின்னு. செத்தாலும் வருஷா வருஷம் வந்து குத்துவேன்."

வகுப்பு நடத்தும் டீச்சர் பகலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஒருமுறை வந்தால் அது விபத்து, அதே செடியில் மறுமுறையும் வந்தால்தான் வடிவம், அப்போதுதான் பெயர் என்பது அவள் விதி. இதழில் பச்சைக் கோடு விழுந்த பூவுக்கு யாரோ அவசரப்பட்டு அழகான பெயர் வைத்துவிட்டார்கள் என்றும், பிறகு பார்த்தால் அது செடிக்கு வந்த நோய் என்றும் சொன்னாள். சின்னவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது அக்கா கேட்டாள்: "நோயா இருந்தா பேரு வைக்கக் கூடாதா? எனக்கு வந்திருக்கிறதுக்கு முழ நீளத்துல ஒரு பேரு வச்சிருக்காங்களே."

இப்போது அக்கா கண்ணைத் திறந்தாள்.

"டீச்சர் நாளைக்கு வர்றாங்கல்ல? பாத்துட்டுப் பேரு எழுதிக்குவாங்களா?"

சின்னவள் மடியிலிருந்த நோட்டை மூடினாள். "இல்லக்கா. அதே செடிதான்னு காட்ட முடியல. நூலு போயிடுச்சு. அதனால இந்த வருஷந்தான் முதல் வருஷம்னு கணக்கு. அடுத்த வருஷமும் வந்தாத்தான்..."

இயந்திரம் இரண்டு முறை இழுத்து விட்டது.

"துவைச்சாப் போற இடத்துல அடையாளம் போட்டிருக்க" என்றாள் அக்கா. பிறகு சிரிக்க முயன்று இருமினாள். சின்னவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். சட்டைக்குள் வெறும் எலும்பு.

"விடு. நான் முன்னாடி போய்த் துண்டு போட்டு இடம் பிடிச்சு வைக்கறேன். பேரு மெதுவா அடுத்த பஸ்ல வரட்டும்."

"அக்கா."

"சரி, இன்னிக்கு எப்படி இருக்குன்னு சொல்லு. படிக்காத. சொல்லு."

சின்னவள் சொன்னாள். மொட்டு முழுவதும் விரிந்துவிட்டதையும், நான்காவது இதழ் மற்ற மூன்றின் அளவுக்கே இருப்பதையும் சொன்னாள். அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் சாதாரணந்தான். மூணு இதழ்."

"ஒண்ணொண்ணாப் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன எப்படிடி சொல்ற?"

பதில் சொல்வதற்குள் அக்கா தூங்கிவிட்டாள். சின்னவள் நோட்டைத் திறந்து, 'மற்றவற்றைப் பார்க்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்தாள்.

விடியும் நேரத்தில் அக்காவின் மூச்சு நின்றது. இயந்திரத்தை நிறுத்தியது அவள் கணவர், அத்தான்தான். அது நின்ற பிறகுதான் சமையலறைக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

அம்மா அழுதுகொண்டே வேலை செய்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு மாற்றினாள். அக்காவின் தலையைச் சீவினாள். சீப்பில் வந்த முடியை எங்கே போடுவதென்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். சின்னவள் மருந்துப் புட்டிகளை எடுத்து ஒரு அட்டைப் பெட்டியில் உயர வரிசைப்படி அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் ஏன் அப்படி அடுக்கினோம் என்று தோன்றியது.

"உங்க அத்தானைக் காணோமே, எங்க போனாரு?" என்றாள் அம்மா.

அவர் பின்கதவு வழியாக வந்தார். முழங்கால் இரண்டிலும் ஈரமண். கையில் வீடு துடைக்கிற வாளி, அது நிறைய மூவிலைப் பூ.

"துடைக்கிற வாளியிலயா மாப்பிள்ளை?"

"கழுவித்தான் அத்தை எடுத்துட்டுப் போனேன்."

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவர் பேச்சு ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்று அக்கா கேலி செய்வாள். அவர் வாளியைக் கீழே வைத்து, மேலாக இருந்த ஒரு சிறு கொத்தைத் தனியே எடுத்தார். சிவப்பு நூலால் கட்டியிருந்தது. நடுவில் நான்கு இதழ்.

சின்னவளுக்கு வாளிக்குள் குச்சியும் கிடப்பது தெரிந்தது.

"குச்சியில நூல் கட்டியிருந்துச்சு" என்றார் அத்தான். "அவ நூலு. அவளுக்காகத்தான் நீ பாத்து வச்சிருக்கேன்னு முதல்ல இதை எடுத்தேன். சரிதானே?"

டீச்சர் வரும் நாள். அடுத்த வருடம். அதே இடம். எல்லாவற்றையும் சொல்லிவிடச் சின்னவள் வாயெடுத்தாள். அத்தானின் கட்டைவிரல் நகத்துக்குள் பச்சைச் சாறு ஏறியிருந்தது.

"ஆமா அத்தான். அவளுக்குத்தான்."

கொத்தை அவர் அக்காவின் கைக்குள் வைத்தார். மற்றவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சின்னவள் கத்தரிக்கோலை எடுத்து, தண்டுகளை ஒரே அளவாக நறுக்கி, ஒவ்வொன்றாக அக்காவின்மேல் வைக்கத் தொடங்கினாள். முறைப்படி, காலிலிருந்து மேலாக.

காட்டில் அவள் எப்போதும் நின்றபடியே தேடியிருந்தாள். மூன்று இதழ் என்று தெரிந்ததும் கண் அடுத்ததற்குத் தாவிவிடும். அத்தான் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு எட்டியதை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு பூவின் விளிம்பு அலையலையாக இருந்தது. அடுத்ததில் இதழ்கள் ஒடுங்கி, மீன் அரியும் கத்திபோல் நீண்டிருந்தன. ஒன்றில் இதழின் அடியில் மட்டும் செம்மை. இன்னொன்றில் ஓர் இலையின் பாதி வெளுத்து, இலையாக இருப்பதா இதழாக மாறுவதா என்று முடிவு செய்யாமலே விரிந்திருந்தது. சின்னவளின் கை மெதுவாகியது. இடுப்புவரை வைத்தபோது, மூன்றாவது இதழின் நுனி லேசாகப் பிளந்த ஒன்று வந்தது. அதைக் கீழே வைக்காமல் வாளியில் தேடினாள். நுனியிலிருந்து பாதிவரை பிளந்த ஒன்று கிடைத்தது. பிறகு அடிவரை பிளந்து, ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற ஒன்று. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தாண்ட வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்திருந்த இடத்தில் ஒரு படிக்கட்டே இருந்தது. அவற்றை அக்காவின் இடுப்பிலிருந்து நெஞ்சுவரை ஏறுவரிசையில் வைத்தாள். கடைசிப் படி அக்காவின் கைக்குள் இருந்தது.

சின்னவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"எதுவுமே ஒரே மாதிரி இல்லம்மா. பாரேன். ஒண்ணுகூட."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அத்தானும் குனிந்தார். மூவரும் பூ பூவாக, அக்காவின்மேல் பார்த்துக்கொண்டே போனார்கள். அத்தான் விரல் படாமல் ஒன்றைக் காட்டினார். அதன் இதழ்கள் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, காற்றில் நிற்பதுபோல. அம்மா தோள்பக்கம் இருந்த ஒன்றின் அருகே நின்றுவிட்டாள்.

"இதைப் பாருங்க. ஒரு இதழ மட்டும் கீழ தொங்கவிட்டுக்கிட்டு... நாக்கை நீட்டுறா. குண்டூசியேதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது முடியுமுன்னே அழுகையாகி, பிறகு இரண்டுமாக இருந்தது.

முற்பகலில் டீச்சர் வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. தோளில் பை, கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, வாசலில் செருப்புகளைக் கண்டு நின்றுவிட்டாள். உள்ளே வந்ததும் அவளுக்கு மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்கின. மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவள், பூ வகுப்பு நடத்துவது அவள் தலையெழுத்து. அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதம்மா. கஷ்டப்படாமத்தான் போனா." டீச்சர் மறுக்கவில்லை. தும்மலை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

பிறகு அக்காவின் கையில் இருந்ததைப் பார்த்தாள். அதற்குக் கீழே ஏறி வந்த வரிசையையும் பார்த்தாள். கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

சமையலறையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது மெல்லக் கேட்டாள். "பிடுங்கினதா, வெட்டினதா?"

"வெட்டினதுதான் டீச்சர். அத்தான் கத்தி கொண்டு போயிருந்தாரு."

"அப்ப கிழங்கு உள்ள இருக்கும். இலையோட போயிட்டதால ரெண்டு மூணு வருஷம் பூக்காம இருக்கலாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வராமலே போனாலும் போகலாம். எனக்குத் தெரியல."

மதியம் வண்டி வந்தது. பூக்கள் அக்காவோடு போயின. வீட்டார் திரும்பி வந்தபோது முன்னறைக் கட்டிலில் ஒரே ஒரு இதழ் ஒட்டியிருந்தது. அம்மா அதை உதறவில்லை. விரிப்பை அப்படியே மடித்து வைத்தாள்.

அத்தான் வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். குச்சியையும் மண் போகக் கழுவி, தொட்டி ஓரத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார்.

ஏப்ரல் 19. பூக்களை வகைப்படுத்தி எழுதவில்லை. எழுத ஆரம்பித்தேன், எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாளை: காலையில் அத்தானையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும். எங்கே வெட்டினார் என்று அவருக்குத்தான் தெரியும். குச்சியை அங்கேயே மறுபடி நட வேண்டும். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. பெட்டியில் நீலம் இருக்கிறது. குச்சியில் கட்ட வேண்டும்.