மசூரை இறக்கிவிடாத ஸ்கூட்டர்

1981ஆம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம், மசூர் ஒரு நீல ஸ்கூட்டரில் ஏறினான். அதன் பிறகு அவனால் இறங்க முடியவில்லை. காற்சட்டைதான் ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தார்கள். வெட்டிப் பார்த்தபோது தோலும் ஆசனமும் ஒன்றாக இருந்தன. அந்த வாரம் சீனி விலை ஏறியது, சாய்ந்தமருதுக் கடலில் கீரி மீன் தாராளமாகப் பட்டது. அவற்றோடு இதுவும் ஒரு செய்தியாக ஊருக்குள் வந்தது.

ஸ்கூட்டர் உண்மையில் றாபியாவுடையது. சிறுவயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போய், கையூன்றித் தவழ்ந்தே வளர்ந்தவள் அவள். எங்கே போவதென்றாலும் யாராவது தூக்க வேண்டும். தூக்குகிறவர்கள் வழியில் விடும் பெருமூச்சுக்குப் பயந்தே எத்தனையோ கல்யாணங்களுக்கு அவள் போகவில்லை. குவைத்துக்குப் போன தம்பி றஸாக், சாயாமலிருக்கப் பின்னால் இரண்டு சில்லுச் சக்கரம் பூட்டி, எல்லாவற்றையும் கையாலேயே இயக்கக்கூடிய அந்த ஸ்கூட்டரை அவளுக்காகக் கப்பலில் அனுப்பினான். அங்கவீனர் வண்டி என்று பிரித்தால் சுங்கத் தீர்வை இல்லை. மோட்டார் ஸ்கூட்டர் என்று பிரித்தால் வண்டியின் விலையைவிடத் தீர்வை கூட. துறைமுகத்தில் எது எந்த வகை என்று பிரிக்கும் மேசையில் இருந்தவன் மசூர். கல்முனைக்குப் பக்கத்தில், றாபியாவின் ஊரான சாய்ந்தமருதில் பிறந்து மருதமுனையில் கல்யாணம் முடித்தவன். நம்மட ஊராள்தானே என்று றாபியா வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அதுதான் அவர்கள் விட்ட பிழை.

ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றான் மசூர். வாப்பா அவளை பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனார். லொறிக்காரர்களும் கூலியாட்களும் பார்த்திருக்க, சீமெந்துத் தரையில் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு அவளைத் தவழச் சொன்னான். தவழ்ந்தாள். முக்காடு சரிந்தபோது அதை இழுத்துவிட ஒரு கை மிச்சமில்லாமல் தவழ்ந்தாள். அவன் பேனையை மூடினான்.

"கல்முனையால இவ்வளவு தூரம் வரத் தெரிஞ்ச ஆளுக்கு என்னத்துக்குப் புள்ள அங்கவீனர் வண்டி? இது மோட்டார் ஸ்கூட்டர்தான்."

"பின்னுக்கு ரெண்டு சில்லு இரிக்கே, காக்கா?" என்றாள் றாபியா, அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

"கழட்டேலாத சாமான்தான் வண்டிட பகுதி. அந்தச் சில்லுகளக் கழட்டலாம்."

தீர்வை கட்ட வழியில்லாமல் ஸ்கூட்டர் ஏலத்துக்குப் போனது. மச்சானின் பெயரில் மசூரே எடுத்தான், கூடுதல் சில்லுகளைக் கழற்றினான், பெருநாள் லீவில் ஊருக்கு ஓட்டிவந்து றாபியா வீட்டு ஒழுங்கை வழியாக ஹோர்ன் அடித்தபடி போனான். அவள் பொறுமையாக இருந்தாள், சபிக்கவில்லை என்று இன்றைக்குச் சிலர் சொல்வது சுத்தப் பொய். நன்றாகச் சபித்தாள். ஏறினவன் இறங்கக் கூடாது, யா அல்லாஹ், என்று பின்னேர அஸர் தொழுகை தொடக்கம் அந்தி மஃரிப் வரை கையேந்திக் கேட்டாள். மஃரிப் பாங்கோடு மசூர் ஒட்டிக்கொண்டான்.

எண்ணெய் பூசினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள், ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கப்போன டாக்டர் எது ஆள், எது ஆசனம் என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டார். ஸ்கூட்டர் பெற்றோலைத் துப்பியது. மசூர் சோறு தின்றால்தான் ஓடியது, மீன் ஆணம் ஊற்றித் தின்றால் வேகமாக ஓடியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் விடியும்போது றாபியாவின் வாசல் படலையில்தான் போய் நின்றது. மனிதருக்குச் செய்த அநியாயம், அவள் பொறுத்துக்கொண்டால்தான் இறங்கலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னார். றாபியா பொறுக்கவில்லை. இறக்காமம் ஊரில் ஒரு கல்யாணம் இருக்கிறது, என்னை ஏற்றிப் போகச் சொல்லுங்கள் என்றாள்.

அந்நிய ஆணின் பின்னால் ஒரு குமர்ப்பெண் எப்படி இருந்து போவது? பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்காயர்மார் கூடி ஜும்ஆவிலிருந்து இருட்டும்வரை விவாதித்தார்கள். முடிவு வராதபோது றாபியா ஆள் அனுப்பினாள்: வண்டியின் பகுதி எது என்று மசூர் காக்காவிடமே கேளுங்கள், அவருக்குத்தான் சட்டம் தெரியும். கேட்டார்கள்.

"கழட்டேலாத சாமான்தான்" என்றான், அழுதுகொண்டு.

மசூர் ஸ்கூட்டரின் உதிரிப்பாகம், ஆகவே தடையில்லை என்று மரைக்காயர்மார் தீர்த்தார்கள். அப்படியென்றால் அவன் மனைவி யாருக்குப் பெண்சாதி என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவள் தினமும் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போனாள்.

கொல்லன் பட்டறையில் சில்லுகளைத் திரும்பப் பூட்டிய பிறகு றாபியா போகாத இடமில்லை. இறக்காமத்தில் வயலுக்குள் நின்ற யானைகள் ஹோர்ன் கேட்டு ஒதுங்கின. சாகாமம் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்த்தாள், சொறிக்கல்முனைக்குப் போய் விதைநெல் வாங்கினாள். 1985க்குப் பிறகு, சண்டைக் காலத்தில், சோதனைச் சாவடிகளில் படையினர் இறங்கச் சொல்லி மசூரை இழுத்துப் பார்ப்பார்கள். கை நொந்ததும் விட்டுவிடுவார்கள். அவன் தலை நரைத்தது. அவளுக்கு அதைப் பார்க்க இனிப்பாகத்தான் இருந்தது, அதை அவள் ஒளிக்கவுமில்லை. ஊரார் காலப்போக்கில் அவனுக்கு ஸலாம் சொல்ல மறந்து, மழை வந்தால் ஸ்கூட்டரை மூடச் சொன்னார்கள்.

நோன்பு தொடங்குமுன் ஆளுக்காள் மாப்புக் கேட்பது ஊர் வழக்கம். ஒவ்வொரு வருடமும் மசூர் கேட்டான், அவள் முகத்தைத் திருப்பினாள். 1989இல் கேட்டபோது அவன் குரல் உடைந்துபோயிருந்தது.

"றாபியா, அல்லாவுக்காகப் பொறுத்துக்க புள்ள. நான் மண்ணுல கால் வெச்சு எட்டு வருசம்."

றாபியா முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"பொறுத்தா நீங்க எறங்கிருவீங்க, காக்கா. பொறகு வண்டிக்கு ஆரு சோறு தின்னுற, நான் எப்பிடிப் போற?"

முக்காட்டை இறுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மசூர் ஸ்டார்ட் பண்ணினான், இருவரும் சந்தைக்கு மீன் வாங்கப் போனார்கள்.