தோசைமா புளிக்காத எட்டு மாதங்கள்

மாநகர முதல்வர் அருட்பிரகாசம் அவர்கள் இருக்குமிடத்தைச் சுற்றி இருநூற்றுப் பன்னிரண்டு காலடித் தூரத்துக்குள் எந்தப் பொருளும் பழுதாவதில்லை. மீன் நாறாது, பால் திரியாது, மாலை வாடாது. நாளிதழ்கள் அவரைப் ‘பழுதாகாத முதல்வர்’ என்று எழுதின. அது பிழை. பழுதாகாதவை மீனும் பாலும் மாலையுமே. முதல்வரைக் குறித்து அவ்வாறு உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது.

அவர் கரையோரக் குருநகரில் மீன்பெட்டி சுமப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் வந்து அமர்ந்தவுடன் வாங்கின் மறுமுனையில் இருந்த மாணவர் இருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போயினர். அன்றைக்கே, என்றேனும் ஒருநாள் மீன் மணக்காத அறையொன்றில் உட்கார்ந்து நாட்டை ஆளுவேன் என்று அவர் முடிவு செய்தார். பின்னர் நாட்டை நகரமாகக் குறைத்துக்கொண்டார். மீன் மணக்காத அறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மீனைத் தொடாமல் மீனால் வாழும் வழியைத் தேடி, நாற்பத்தைந்து வயதுக்குள் இரண்டு ஐஸ் கொம்பனிகளுக்கும் மூன்று லொறிகளுக்கும் உரிமையாளரானார். ஆயினும் மாலைதோறும் தேசிக்காய் தேய்த்து மூன்று முறை குளித்தார். அந்த மணம் அவருடைய மூக்குக்குள் மட்டுமே இருக்கிறது என்று மனைவி சிசிலியா சொன்னதை அவர் நம்பவில்லை.

டீசலும் மின்சாரமும் ஒருங்கே இல்லாமற்போன ஆண்டில் கொம்பனிகளின் இயந்திரங்கள் நின்றன. களஞ்சியத்தில் நானூறு கிலோ சீலாவும் அறக்குளாவும் இருந்தன. செத்தவீட்டில் உறவினர் உட்கார்ந்திருப்பதைப்போல, அவர் பிளாஸ்ரிக் கதிரையொன்றில் அம்மீன்களின் அருகே ஐந்து நாட்கள் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாளும் மீன்களின் செவுள் பூ இரத்தச் சிவப்பாகவே இருந்தது. அவர் எழுந்து குளிக்கப்போன அரை மணித்தியாலத்தில் நான்கு மீன்கள் பழுதாயின. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஐந்தாவது மீன் பழுதாகாமல் நின்றது. செய்தி கரையோரம் முழுவதும் பரவியது. அதன்பின் எவரும் ஐஸ் வாங்கவில்லை. அவரையே வாடகைக்கு வாங்கினர். கொழும்புக்குச் செல்லும் மீன் லொறிகளில் சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்து இரண்டு ஆண்டுகள் பயணம் செய்தார். இரு கொம்பனிகளும் பூட்டப்பட்டன. தம்முடைய இருப்பினாலேயே தம்முடைய வியாபாரத்தை ஒழித்த வணிகர் இத்தீபகற்பத்தில் வேறெவரும் இலர்.

அடுத்து வந்த தேர்தலில், சந்தை மீனைக் காப்பாற்றுவார் என்று நம்பிக் கரையோர வட்டாரங்கள் அனைத்தும் அவருக்கு வாக்களித்தன. நாற்பத்தைந்து உறுப்பினர் கொண்ட சபை அவரை முதல்வராகத் தெரிவு செய்தது. அவர் ஏன் முதல்வராக விரும்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதல்வருக்குரிய வாசஸ்தலம் கடலிலிருந்து தொலைவில் இருக்கிறது என்பதே விடையாக இருந்திருக்கும். பதவியேற்ற நாளிலேயே அங்கே குடிபுகுந்தார். சாளரங்களுக்குப் புதுத் திரைச்சீலை போட்டு, அறைக்குச் சந்தனக்குச்சி கொளுத்தி, தேக்கங்கட்டிலில் படுத்து, வாழ்வில் முதன்முறையாக மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். மீன்சந்தையின் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. சந்தையில் மீன் வழக்கம்போல மத்தியானத்துக்குள் நாறியது.

வாசஸ்தலத்தின் பின்மதிலோடு ஒட்டியிருந்தது மகாதேவியின் சைவ உணவகம். மகாதேவி வலிகாமத்துக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்து, கணவன் இறந்தபின் தோசைக்கல்லை நம்பி நகரத்துக்கு வந்தவர். சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்ற சபை உறுப்பினரும் ஆவார். முதல்வர் குடிவந்த மறுநாட் காலையில் அவருடைய மா புளிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் புளிக்கவில்லை. உழுந்தை மாற்றினார், அரிசியை மாற்றினார், கிணற்றை இறைத்தார். மா வைத்தது வைத்தபடியே கிடந்தது. கல்லில் வார்த்தால் தட்டையாக, வெளிறி, ஓசையில்லாமல் வெந்தது. “அக்கா, இதைத் தின்னுறதோ, சுவருக்குப் பூசுறதோ?” என்று கேட்டுவிட்டு முச்சக்கர வண்டிச் சாரதிகள் அடுத்த தெருவுக்குப் போயினர். மூன்றாம் மாதத்தில் கடையில் இருந்த ஆறு மேசைகளில் நான்கில் ஆளில்லை.

இத்தீபகற்பத்தில் எந்தத் துன்பமும் நில அளவையாளர் வந்து அளக்கும்வரை துன்பமாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. எனவே மகாதேவி அளவையாளர் ஜெயசுதனை அழைப்பித்தார். ஜெயசுதன் முதல்வரின் கட்டிலிலிருந்து பேருந்து நிலையம் நோக்கிக் காலடிக்கொன்றாகச் சிறு கிண்ணங்களில் மாவை வைத்துவிட்டு மறுநாட் காலையில் வந்து பார்த்தார். இருநூற்றுப் பதினோராம் கிண்ணம் தட்டையாக இருந்தது. இருநூற்றுப் பதின்மூன்றாவது பொங்கி வழிந்தது. இடையிலிருந்த கிண்ணம் பாதி புளித்துப் பாதி புளிக்காமல் நேர்கோட்டில் பிரிந்திருந்தது. அவர் அவ்விடத்தில் மஞ்சட்கோடு போட்டு, வரைபடம் கீறி, கையொப்பமிட்டுக் கொடுத்தார். அன்று பின்னேரமே சண்டை தொடங்கியது. பூக்கடைக்காரர் கோட்டை இரண்டு முழம் அங்காலே தள்ளச் சொன்னார். தயிர்க்கடைக்காரர் இரண்டு முழம் இங்காலே இழுக்கச் சொன்னார். கோடு தம் வளவைக் குறுக்கறுத்துப் போகிறது என்று நால்வர் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகள் இன்னும் நடைபெறுகின்றன.

மார்கழியில் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுப் பாதீடு சபைக்கு வந்தது. ஏமாற்றமடைந்த கரையோர உறுப்பினர் சிலரும் எதிரணியோடு சேர்ந்தனர். மகாதேவியும் எதிராகவே வாக்களித்தார். ஆதரவு இருபத்திரண்டு, எதிர்ப்பு இருபத்து மூன்று. இரண்டு வாரங்களுக்குள் மறுபடியும் தோற்றால் முதல்வர் பதவியை இழப்பார் என்பது விதி. பதவி போனால் வாசஸ்தலமும் போகும். மறுநாள் மகாதேவி தாமாகவே அவருடைய அறைக்கு வந்தார்.

“அண்ணை, நான் உங்களுக்கு எதிரியில்லை. நீங்கள் படுக்கிற இடத்தை மாத்துங்கோ, நான் கையைத் தூக்கிறன்.”

“எங்கை படுக்கச் சொல்லுறியள், தங்கச்சி?”

“மீன்சந்தையிலை. அதுக்குத்தானே சனம் உங்களுக்குப் புள்ளடி போட்டது.”

முதல்வரின் முகம் மாறியது. “வேறை இடம் சொல்லுங்கோ.”

“சொல்லுறன். தவறணையடியிலை படுத்தால் கள்ளுப் புளிக்காது. குடிகாரர் உங்களைக் கட்டிலோடை தூக்கிக் கடலிலை போடுவினம். மருதனார்மடத்திலை படுத்தால் வாழைக்குலை பழுக்காது. தோட்டக்காரர் மண்வெட்டியோடை வருவினம். உங்களுக்கெண்டு உந்த ஊரிலை இருக்கிறது ஒரே ஒரு இடம்தான் அண்ணை.”

முதல்வர் யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டு, வணிகருக்குரிய ஒரு தந்திரத்தைச் செய்தார். மூன்று நாள் ஊரில் இல்லாதிருந்தால் மா புளிக்கும், மகாதேவியின் மனம் இளகும், வாக்கெடுப்பு முடிந்ததும் திரும்பவும் தேக்கங்கட்டிலில் படுக்கலாம் என்று கணக்கிட்டுக் காங்கேசன்துறையிலுள்ள விடுதியொன்றுக்குப் போனார். அவர் அறியாத செய்தி ஒன்று இருந்தது. நேற்றைய மாவில் ஒரு கை எடுத்து இன்றைய மாவில் கலப்பது மகாதேவியின் வழக்கம். எட்டு மாதங்களாக ஒரு நாளும் தவறாமல் அவர் அவ்வாறே கலந்து வந்திருந்தார். எட்டு மாதப் புளிப்பும் அந்த ஒரு கை மாவுக்குள் இருந்து, முதல்வர் எப்போது எழுந்து போவார் என்று காத்துக்கொண்டிருந்தது.

முதலாம் நாள் மா சட்டி மூடியைத் தூக்கியது. இரண்டாம் நாள் குசினி வாசலைக் கடந்து மதிலேறியது. மூன்றாம் நாள் வாசஸ்தலத்தினுள் புகுந்து திரைச்சீலைகளை நனைத்து, தேக்கங்கட்டிலை மிதக்கச் செய்து, அங்கிருந்து சபா மண்டபத்துக்குள் இறங்கி, உறுப்பினர்களின் நாற்பத்தைந்து கதிரைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தது. மக்கள் வாளிகளோடு வந்து அள்ளிச் சென்றனர். நகரம் முழுவதும் காலையும் மாலையும் தோசை சுட்டது. நல்ல புளிப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டனர். சம்பலுக்குத் தேங்காய் கிடைக்கவில்லை என்பதே ஒரே முறைப்பாடு. முதல்வர் திரும்பிவந்து வீதியில் கால்வைத்தபோது, முன்பே பொங்கிய வேகத்தில் ஓடிவந்த வெள்ளை மா அவருடைய சப்பாத்துக்கு ஒரு சாண் முன்னே வந்து அப்படியே நின்றது.

மகாதேவி முழங்கை வரை மாவோடு எதிரே நின்றார். “பாத்தியளோ? இருந்தாலும் கரைச்சல், போனாலும் கரைச்சல். நாளைக்கு வாக்கெடுப்பு. நான் சொன்னது சொன்னதுதான்.”

வாசஸ்தலத்தில் சிசிலியா மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கணவர் வாசலில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். மனைவி முழுவதையும் கேட்டார்.

“இப்ப உங்களுக்குக் கதிரை வேணுமோ, கட்டில் வேணுமோ?”

“சிசிலியா, அந்த மணம் எனக்கு ஏலாது. பள்ளிக்கூடத்திலை...”

“எங்கடை கலியாணத்தண்டும் உங்களிலை அந்த மணம்தான் இருந்தது. கோயிலுக்குள்ளை பக்கத்திலை நிண்டனான். மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினனானோ?”

அந்த மணம் தம் மூக்குக்குள் மட்டும் இருந்ததில்லை என்பதை முதல்வர் அப்போதுதான் உறுதியாக அறிந்தார். அது சிசிலியாவை ஒருநாளும் துன்புறுத்தவில்லை என்பதையும் அறிந்தார்.

மறுநாள் உறுப்பினர்கள் கணுக்கால் வரை மாவில் நின்றபடி வாக்களித்தனர். ஆதரவு இருபத்து மூன்று, எதிர்ப்பு இருபத்திரண்டு. அன்று பின்னேரம் கழுவித் துடைத்த தேக்கங்கட்டில், மாநகர சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்பட்டு மீன்சந்தைக்குச் சென்றது. முதல் மூன்று நாட்களும் முதல்வர் ஓடிக்கொலோன் வாசனைநீர் தெளித்த கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டே கோப்புகளில் கையொப்பமிட்டார். நான்காம் நாள் சிசிலியா தலையணையோடும் தேநீர்ப் போத்தலோடும் பட்டப்பகலில் சந்தைக்குள் நடந்து வந்து, “கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ,” என்றார். மீன்காரிகள் கைதட்டினர். கைலேஞ்சி அன்று எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் அதைத் தேடவில்லை.

மீன் நாறாததனால் பிற்பகல் விலை இறங்குவதில்லை என்றும், இறங்கிய விலைக்கு வாங்கும் ஏழைகள் பட்டினி கிடக்கின்றனர் என்றும் ஒரு முறைப்பாடு எழுந்தது. அது நியாயமானது. சைவக் குடும்பங்கள் மீன் வாங்காத வெள்ளிக்கிழமைகளில் முதல்வர் மத்தியானத்தோடு சந்தையைவிட்டு வெளியேறுகிறார். அன்றைக்கு மட்டும் மீன் முறைப்படி நாறி, விலை முறைப்படி இறங்குகிறது. சபா மண்டபத்தின் வாசலில் அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டுள்ளது: முதல்வரைச் சந்திக்க விரும்புவோர் ஏனைய நாட்களில் முற்பகல் ஒன்பது மணிக்கு மேல் மீன்சந்தைக்கு வரவேண்டும், மீன் வாங்க வருவோருக்கு முன்னுரிமை வழங்கப்படும்.