மூன்று கட்டைவிரல்

கப்பல் கம்பெனி, பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டு, லாரி ஆபீஸ் மூன்றையும் ஒரே வாட்ஸப் குரூப்பில் சேர்த்தது என் மூளைதான். "இனி யாரும் யாரையும் தேட வேண்டாம்" என்று கூட்டத்தில் பேசிக் கைத்தட்டல்கூட வாங்கினேன். துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்கு அதெல்லாம் அபூர்வம்.

அன்று காலை ஆறு மணிக்கு கப்பலிலிருந்து ஒரு குளிர்பெட்டி, ஃப்ரிட்ஜ் வைத்த கன்டெய்னர், இறங்கியது. உள்ளே இன்சுலின். 'பெட்டி வந்தாச்சு, கரண்ட் கொடுக்கணும்' என்று குரூப்பில் போட்டேன். டக் டக்கென்று மூன்று கட்டைவிரல்கள். காலாட்டிக்கொண்டு காபி குடித்தேன்.

பத்து மணிக்கு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. யார்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் எங்களுக்கு அவர் பார்க்கலாம் அண்ணன்.

"அண்ணே, பிளக் மாட்டியாச்சுல்ல?"

"நானா? உங்க மாப்பிள்ளை லாரி நேரா தூக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சேன். அவருதான் விரலைக் காட்டினாரே!"

மாப்பிள்ளை என் தங்கை புருஷன்; லாரி ஆபீஸ் அவருடையது. அவரைக் கேட்டால், "லாரி நாளைக்குத்தானே மச்சான்? யார்டுல குளுகுளுன்னு இருக்கும்னு நானும் ஒண்ணு தட்டிவிட்டேன்."

கப்பல் கம்பெனி மேடம், "படிச்சிட்டேன்னு அர்த்தம் சார்" என்றார்.

யார்டுக்கு ஓடினேன். தொப்பை முன்னால் ஓட, நான் பின்னால். வெயிலில் ஐந்தடுக்குப் பெட்டிகள். எண்ணைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. அக்காவின் ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன இன்சுலின் பாட்டில்தான் மனதில் நின்றது. எட்டு டிகிரி தாண்டினால் அத்தனையும் குப்பை.

கடைசி வரிசையில் வயர் செத்த பாம்பாகக் கிடந்தது. அண்ணன் மூச்சிரைக்க வந்து பிளக்கை மாட்டினார். பெட்டியின் திரை கண் விழித்தது: ஏழரை டிகிரி. வாழ்நாளில் முதல்முறையாக ஏழரையைக் கண்டு சந்தோஷப்பட்டேன்.

'இனி விரலே கிடையாது. யார், எதை, எத்தனை மணிக்குன்னு வாயால சொல்லி அனுப்பணும்' என்று குரூப்பில் போட்டேன்.

"நாளைக்கு எட்டு மணிக்கு லாரியோட நானே வர்றேன், நானே கழட்டுறேன். போதுமா மச்சான், சத்தியம் வேணுமா?" என்றது மாப்பிள்ளையின் குரல்.

அண்ணன் பக்கத்திலேயே நின்று போனில் கனைத்தார். "ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் டிகிரியை நான் சொல்றேன்."

சொன்னார்தான். ஆனாலும் மாலையில் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வண்டியைத் திருப்பினேன். பெட்டி முன்னால் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு டிகிரி," என்றார், நான் கேட்குமுன்பே.

"இன்னொரு ஸ்டூல் இருக்கா அண்ணே?"