டக் கப்பலுக்கு ஒரு கணிச்சம்

பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் டக் ஒன்றில் நார்பர்ட் இருபத்திரண்டு வருடம் இன்ஜின் ஓட்டினார். பழசான பிறகு, மீன் அடையட்டும் என்று அதைப் பொழியூருக்கு நேரே கடலில் மூழ்கடித்தார்கள். அப்போது வள்ளத்தில் இருந்த நார்பர்ட், இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கரையின் அடையாளங்களைப் பார்த்துக் கணிச்சம் எடுத்துக்கொண்டார். தெற்கே மலைமுனையும் செல்போன் டவரும் ஒரு கோடு, நேரே மாதா கோயிலும் உயரமான கம்பமும் இன்னொரு கோடு. இரண்டும் சேருமிடம் கப்பல்.

கம்பம் திருநாள் லைட்டுக்கு நட்டது. திருநாள் முடிந்ததும் பிடுங்கிவிட்டார்கள். பிறகு மீன்பிடிக்கப் போய் நாலு நாள் தேடியும், கயிற்றில் கட்டி இறக்கிய ஈயக்கட்டி மணலைத்தான் தொட்டது.

"லைட்டுக் கம்பத்த நம்பியா கணிச்சம் எடுத்திய? போன்ல குறிச்சா கொறஞ்சா போயிருவிய?" என்று மனைவி ஜேனட் பொரிந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவளே கம்பம் நின்ற பழைய குழியில் நெட்டைக் கமுகை நிறுத்தி, உச்சியில் தன் சிவப்புச் சேலையைக் கட்டினாள்.

கடலில் வள்ளத்திலிருந்து பார்க்க, கோடுகள் சேர்ந்தன. ஈயக்கட்டி இரும்பில் மோதிய அதிர்வு நார்பர்ட்டின் விரலுக்கு வந்தது.

கூட்டாளி ஜெனின் பதறினான். "அண்ணா, சேலைய இறக்கச் சொல்லுங்க. கணிச்சம் வீட்ட விட்டு வெளிய போவப்பிடாது!"

நார்பர்ட் போனை எடுத்தார்.

"ஜேனட், கமுகு அங்கயே நிக்கட்டும். சிமென்ட் போட்டு உறப்பிச்சிரு."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருமே?"

"தெரியட்டும். அந்தக் கப்பல் ஒருநாளாவது தனக்குண்ணு கடலுக்குப் போனதுண்டா?"