ஸ்வேதா எந்த வகை?

மன்னவனூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் வராத ஒரு மழைநாளில்தான் அது ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே மைதானம் மஞ்சில் மறைந்துபோயிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பேசிப் பேசி அலுத்துப்போன நேரத்தில், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஸ்வேதா எழுந்து கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

கவுஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் அவள். அப்பா ராமர் கேரட்டும் பூண்டும் போடுகிறவர். படிப்பில் அவள் நடுவாந்திரம். ஆனால் யார் எப்படி நடப்பார்கள், யார் எப்படித் தும்முவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நம்ம கிளாஸ்ல எத்தனை வகை ஆளு இருக்காங்கன்னு தெரியுமா?" என்றாள்.

"படிக்கிற வகை, படிக்காத வகை," என்றான் வேல்ராஜ்.

"பேசாமப் பாருலே."

இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். தலை மெதுவாகக் கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது. உள்ளே எதையோ கடித்தாள். ஆசிரியர் தன் பக்கம் திரும்பிவிட்டதுபோல மெல்லுவது நின்றது. ஒரு கன்னம் உப்பியிருக்க, கண்கள் மட்டும் கரும்பலகையைப் பக்தியோடு பார்த்தன. பெயர் எதுவும் சொல்லவில்லை. வகுப்பே திரும்பிச் சக்திவேலைப் பார்த்தது. அப்போதும் அவன் வாயில் ஒரு கேரட் துண்டு இருந்தது.

"இது ஸ்வெட்டருக்குள்ள திங்கிற வகை. அடுத்து வெயில் வகை."

காலையில் முதல் பெஞ்சில் விழும் வெயில் மத்தியானம் கடைசிப் பெஞ்சுக்குப் போகும். ஸ்கேல் கேட்பது போலவும், பென்சில் தேடுவது போலவும் அதன் பின்னாலேயே நகர்ந்து போகிற ஒருவனைச் செய்து காட்டினாள். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியே வீடு இருந்தும், தாமதமாக வந்து "பஸ் வரலை சார்" என்கிற வகை வந்தது. மணி அடிக்கிற நேரம் பார்த்து "சார், வீட்டுப்பாடம் குடுக்க மறந்துட்டீங்க" என்று எழுந்து நிற்கிற வகை வந்தபோது வகுப்பு மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டது.

பரீட்சை முடிந்ததும் "போச்சு, எல்லாம் போச்சு" என்று தேம்பிவிட்டு முதல் மார்க் வாங்குகிற வகையை ஸ்வேதா செய்துகொண்டிருந்தபோது திடீரென்று வகுப்பு அடங்கியது. வாசலில் தமிழாசிரியர் இராமலிங்கம் நின்றிருந்தார். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவர் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். அழுகிற முகத்தோடு ஸ்வேதா அப்படியே உறைந்துபோனாள்.

"அழுது முடிம்மா," என்றார் அவர். "பாதியில நிறுத்துனா நல்லா இருக்காது."

அவள் அழுது முடித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வாரமே, கொடைக்கானலில் நடக்கவிருந்த பள்ளிகளுக்கான கலைப் போட்டியில் தனி நடிப்புக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வகுப்பே தலைகீழானது. அழுகிற வகையாக மாட்டியவள் ரம்யா. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளே வந்து, "நான் ஒண்ணும் அப்படி மூக்கைத் துடைக்க மாட்டேன், இப்படித்தான் துடைப்பேன். சரியாச் செய்யி," என்று துடைத்துக் காட்டினாள். சக்திவேல் இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று எல்லார் கண் முன்னாலும் தின்ன ஆரம்பித்து, தன் வகையைத் தானே கெடுத்துக்கொண்டான். வேல்ராஜுக்கு வேறு கவலை.

"என்னைய மட்டும் ஏன் விட்ட?"

"நீ ஒண்ணுமே செய்ய மாட்டேங்கிறியே. உன்னைய என்னத்தச் செஞ்சு காட்ட?"

அன்றிலிருந்து அவன் தினம் ஒரு சேட்டை செய்துவிட்டு ஸ்வேதாவைத் திரும்பிப் பார்ப்பான். அவள் தலையை ஆட்டுவாள்: இது போதாது.

எதையும் கேட்காதவள் ஆலிமா ஒருத்திதான். அவளுடைய அத்தா ஜலாலுதீன் கொடைக்கானல் பஜாரிலிருந்து வந்து அந்த வருஷம்தான் மன்னவனூரில் மளிகைக் கடை போட்டிருந்தார். ஜூனில் வகுப்பில் சேர்ந்தவள். எல்லாரும் எழுதும்போது எழுதுவாள், எல்லாரும் சிரிக்கும்போது கொஞ்சம் சிரிப்பாள். ஓய்வு நேரத்தில் படம் வரைவாள். முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. ஸ்வேதா நாள்கணக்கில் அவளையே கவனித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஆலிமாவின் முகம் அப்போதுதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். எந்த வகையிலும் அவள் அகப்படவில்லை. அது ஸ்வேதாவைத் தூங்கவிடாமல் அரித்தது. ஒரு ஆள் எதிலும் சேரவில்லை என்றால், தான் பிரித்ததெல்லாமே தப்பாக இருக்குமோ?

போட்டி நாளன்று வெள்ளனே கிளம்பிய முதல் பஸ்ஸில் கவுஞ்சியில் ஸ்வேதா ஏறினாள். மன்னவனூரில் இராமலிங்கம் சாரோடு மற்றவர்கள் ஏறினார்கள். குழு நடனத்துக்கு ரம்யா, சக்திவேல், வேல்ராஜ் இன்னும் சிலர். ஓவியப் போட்டிக்கு ஆலிமா. பூம்பாறை வருவதற்குள் பஸ் நின்றுவிட்டது. ராத்திரிக் காற்றில் ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் இவர்கள் பஸ், அந்தப் பக்கம் கொடைக்கானலிலிருந்து வந்த பஸ்.

"அறுத்து எடுக்க மத்தியானம் ஆயிரும்," என்றார் கண்டக்டர். "அந்தப் பக்கத்து ஆளுக இதுல ஏறுங்க, இந்தப் பக்கத்து ஆளுக அதுல ஏறுங்க. ரெண்டும் வந்த வழியே திரும்பட்டும். வெரசா, வெரசா."

ரோட்டில் ஒரே கலகலப்பு. பூண்டு மூட்டைகள் கை மாறின. நடன உடுப்புகளைத் தலையில் சுமந்துகொண்டு பிள்ளைகள் கிளைகளுக்கு நடுவே நுழைந்தார்கள். ஈரப் பட்டையில் கால் வழுக்கி வேல்ராஜ் சேற்றில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, "இது போதுமா?" என்று ஸ்வேதாவைக் கேட்டான். ஆலிமா கூட வாய்விட்டுச் சிரித்தாள்.

அரங்கத்துக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கி கூப்பிட்டது. "மன்னவனூர், ஸ்வேதா. கடைசி அழைப்பு."

பையைச் சக்திவேல் மேல் எறிந்துவிட்டு ஓடினாள். மேடையில் ஏறியபோதுதான் பார்த்தாள்: கூட்டம் கூட்டமாக யூனிபாரங்கள். டவுன் பிள்ளைகள் ஷூவும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தன் செருப்பில் அப்பியிருந்த சேறு மேடைப் பலகையில் தடம் பதித்திருந்தது. இவர்களுக்கு நம் வகுப்பைப் பற்றி என்ன தெரியும்?

வேறு வழியில்லாமல் கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். தலை இறங்கியது. கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய் ஆனந்த், உன்னையத்தான்டா செய்றாங்க."

அரங்கம் சிரித்தது. இன்னொரு பள்ளி வேறொரு பெயரைச் சொன்னது. வெயிலின் பின்னால் அவள் நகர்ந்தபோது ஒரு வரிசை முழுக்கத் திரும்பி ஒரு பெண்ணைப் பார்த்தது. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். "பஸ் வரலை சார்" என்றபோது ஆசிரியர்களே கை தட்டினார்கள். ஸ்வேதாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. தன் வகுப்பில் மட்டும்தான் என்று அவள் நினைத்தவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருந்தார்கள். வீட்டுப்பாடம் கேட்கிறவளை அரங்கமே ஒரே குரலில் கத்தி உட்காரவைத்தது. ரம்யா சொல்லிக்கொடுத்தபடியே மூக்கைத் துடைத்து அழுது முடித்து, கும்பிட்டுவிட்டு இறங்கப் போனாள்.

"கொஞ்சம் நில்லும்மா," என்றார் நடுவர். ராஜகுமாரி என்று பெயர். திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறவர். "எல்லாரையும் செஞ்சு காட்டிட்ட. நீ எந்த வகை?"

ஸ்வேதா ஸ்வெட்டர் நுனியைத் திருகினாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. அரங்கம் காத்திருந்தது. காது இரண்டும் சூடாகின.

"மேடம், அதை நான் செஞ்சு காட்டவா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஓவிய அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஆலிமா எழுந்து நின்றாள். ராஜகுமாரி தலையசைத்தார். ஆலிமா அட்டையை ரம்யாவிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தாள். வந்த நடையே அவளுடைய நடை இல்லை. அது ஸ்வேதாவின் நடை.

ஓர் இருக்கையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தாடையைக் கையில் தாங்கினாள். கண்கள் மட்டும் ஓரமாக, பக்கத்தில் இல்லாத யாரையோ தேடிப் போயின. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன, யாரோ சொன்னதைத் தானும் சொல்லிப் பார்ப்பது போல. ஒரு புருவம் ஏறியது. திருப்தி இல்லை, மறுபடி ஏற்றிப் பார்த்தாள். பிறகு கனத்த குரலில், "ஸ்வேதா, இப்ப நான் என்ன கேட்டேன்?" என்றாள். அச்சு அசலாக அது இராமலிங்கம் சாரின் குரல். உடனே துள்ளி எழுந்து ஸ்வேதாவின் குரலில் பதில் சொன்னாள்:

"என்ன கேட்டீங்கன்னு தெரியலை சார். ஆனா கேக்கறப்ப மூக்குக் கண்ணாடியை இப்படித் தூக்கிவிட்டீங்க சார்."

அரங்கம் அதிர்ந்தது. மன்னவனூர்ப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். இராமலிங்கம் சார் சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். அதற்கும் சிரிப்பு எழுந்தது.

ஸ்வேதாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் இப்படியா இருக்கிறேன்? உதடு அசைவது கூடவா தெரிகிறது? அந்த வெட்கம் அடங்குவதற்குள்ளேயே அதன் அடியிலிருந்து வேறொன்று குபுகுபுவென்று கிளம்பியது. இவ்வளவையும் இவள் எப்போது பார்த்தாள்? நான் திரும்பும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தவள், அதற்கு முந்தின நொடி வரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

"மேடம், இவ எந்த வகைன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு," என்றாள். ஆலிமாவுக்குப் பக்கத்தில் இன்னோர் இருக்கையைப் போட்டு உட்கார்ந்து, அவளைப் போலவே சட்டென்று, அங்கே இல்லாத ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "என் வகைதான்."

அந்தத் தனி நடிப்பில் பரிசு கிடைக்கவில்லை. தனி நடிப்பில் இன்னொருவர் மேடையேறினால் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்று ராஜகுமாரி சொன்னார். "அவளை மேடைக்கு வர விட்டது நான்தான். தப்பு என்னோடது," என்று இராமலிங்கம் சாரிடம் வருத்தப்பட்டார். பிறகு, "மரம் விழுந்ததுல ஒரு ஸ்கூல் வரவே இல்லை சார். மத்தியானம் இருவர் நாடகத்துல ஒரு இடம் காலி. நீங்க சரின்னா இதுக ரெண்டும் அதுல சேரட்டும்," என்றார்.

சார் ஆலிமாவைப் பார்த்தார். "உனக்கு ஓவியம் இருக்கேம்மா. ரெண்டும் ஒரே நேரம்."

"ஓவியம் எங்கயும் போயிடாது சார்," என்றாள் ஆலிமா.

அரங்கத்தின் பின்புறம் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சோறு அப்படியே இருந்தது. ஸ்வேதா ஒன்று சொல்லி முடிப்பதற்குள் ஆலிமா எழுந்து செய்து காட்டினாள். ஆலிமா செய்து முடிப்பதற்குள் ஸ்வேதாவுக்கு அடுத்தது வந்தது.

"சார் குரலை எங்கடி புடிச்ச?"

"தினமும் வீட்ல செய்வேன். சோத்துக்கு உக்காந்தா அத்தா கேக்கும், இன்னைக்கு ஸ்வேதா என்ன செஞ்சான்னு. உன்னையச் செஞ்சு காட்டுனாத்தான் அத்தாவுக்குச் சாப்பாடு இறங்கும்."

"கள்ளி," என்றாள் ஸ்வேதா. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வேல்ராஜ் வந்து, "சோலி கெடக்கு, சாப்பிட்டுட்டுப் பேசுங்க," என்று தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மத்தியானம் மேடையில் இரண்டு இருக்கைகள் மட்டும் இருந்தன. இரண்டு மாணவிகள். ஒருத்தி மற்றவளை ரகசியமாகப் பார்த்து அவளைப் போலவே உட்கார்வாள். மற்றவளும் அதையே செய்வாள். ஒருத்தி இருமினால் இன்னொருத்தி சத்தமில்லாமல் இருமுவாள். ஆசிரியரின் கேள்வி வரும்போது ஒருத்தியின் பதிலை மற்றவள் சொல்லிவிடுவாள். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஸ்வேதாவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். ஆலிமாவின் உதடும் துடித்தது. பயிற்சியில் இல்லாத அந்தச் சிரிப்பு இருவரையும் மேடையிலேயே குலுக்கி எடுத்தது. அரங்கமும் கூடவே சிரித்தது. முதல் பரிசு என்று மன்னவனூரின் பெயர் வாசிக்கப்பட்டபோது, ரம்யா நிஜமாகவே அழுதாள்; இந்த முறை யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை.

திரும்பும் பஸ்ஸில் யாரும் உட்காரவில்லை. இராமலிங்கம் சார் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மாவட்டப் போட்டி திண்டுக்கல்லில், அடுத்த மாதம். பூம்பாறை தாண்டியதும் மரம் அறுபட்டு ஓரமாகக் கிடந்தது. ஜன்னலில் மஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது.

"திண்டுக்கல் பிள்ளைகளுக்கு நம்ம ஸ்வெட்டர் கதையெல்லாம் புரியுமாடி?" என்றாள் ஸ்வேதா. "அங்க ஒரே வெக்கையாச்சே. அவங்க கிளாஸ்ல என்னென்ன வகையோ."

ஆலிமா கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "முந்தின நாளே போயிருவோம். எங்க மாமி வீடு அங்கதான். பஸ் ஸ்டாப்புல காலைல ஸ்கூல் பிள்ளைகளா நிக்கும். போய் உக்காந்து பாப்போம்."

ஸ்வேதா உடனே தலையாட்டினாள். எந்தப் பஸ் ஸ்டாப், எவ்வளவு நேரம், எப்படி உட்கார்ந்தால் அவர்களுக்குத் தெரியாது என்று அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.