முதல் வரிசையில் ஆறு நாற்காலி

விழா நடத்தியவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரம்மாவுக்காக முதல் வரிசையில் ஆறு நாற்காலி ஒதுக்கி, "உங்க ஆளுங்க வந்து உட்காரட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். குடியை விட்டவர்களுக்குத் துணை நின்றவர்களைப் பாராட்டும் விழா. துணை நின்றவர் வருவார், சரி. விட்டவன் எப்படி நாலு பேர் பார்க்க வந்து உட்காருவான் என்று அந்த மறுவாழ்வு மையத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் படித்தவர்கள்.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குடியை விட்டவனுக்கு மாலை ஆறு மணிதான் எமன். கால் தானாகப் பழைய பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் அவள் கடைக்கு வந்தால் ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுப்பாள். பக்க எண் பார்த்து அடுக்க வேண்டும், ஓரத்தைத் தட்டிச் சமன் செய்ய வேண்டும், பின் அடிக்க வேண்டும். புத்திமதி கிடையாது. அறுபத்து நாலுக்குப் பிறகு அறுபத்தாறு வந்தால் மட்டும் திட்டு விழும். எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கும்போது அன்றைய கண்டம் தாண்டியிருக்கும். பன்னிரண்டு வருஷமாக இதுதான். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ஒரு நாள் ஆறு மணிக்கு வந்து, "கொஞ்ச நேரம் இங்க உட்கார்றேன்க்கா" என்றான். பரீட்சை சமயம், கடையில் கூட்டம் நெரிந்தது. "நாளைக்கு வாடா" என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் அவன் இல்லை.

கடைக்குள் வருகிறவனிடம் அவள் விசாரிக்கும் நலம் ஒன்றே ஒன்று: "எத்தனை நாள்?" விட்டு எத்தனை நாள் என்று அவன் சொல்வான். ஒரு தடவை பஸ்ஸில் அப்படி ஒருவனைப் பார்த்த சந்தோஷத்தில், வாய் சும்மா இருக்காமல், "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவனும் பழக்க தோஷத்தில் "நூத்தி நாப்பது" என்றான். பக்கத்தில் நின்றவர் அவனுடைய மேனேஜர். "என்னப்பா நூத்தி நாப்பது?" என்று தோண்ட ஆரம்பித்தார். அந்த மாதமே வேலை போயிற்று.

அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டாள். கடைக்கு வெளியே நீ யாரோ, நான் யாரோ. பயல்கள் வேறு எதைக் கேட்டார்களோ இல்லையோ, இதை மட்டும் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டார்கள். எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். தேறியவன் கடைக்கும் வரமாட்டான். அவள் எவ்வளவு நன்றாகச் செய்தாளோ, அவ்வளவு தனி ஆளானாள்.

அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஒரே ஒருத்தன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வெட்கத்தை விட்டு ஒன்பது பேருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என் வீட்டுக்காரிக்கே தெரியாதுக்கா."

"இப்பதான் புரமோஷன் வந்திருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எதுக்குப்பா தப்பா எடுத்துக்கப் போறேன்" என்று ஒன்பது தடவையும் சொல்லி வைத்தாள்.

விழா, வேலை நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு. ஆறுக்குள் கடை திறந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டு மேடை ஏறினாள். கீழே ஆறு நாற்காலியும் காலி. செயலாளர் கேடயத்தைக் கையில் கொடுத்தார்.

"மேடம், இந்தப் பக்கம் பாருங்க."

பார்த்தாள். கேமராவை இறக்கிய முகத்தில், இடது புருவத்தில் தழும்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டு மாதம் அவள் கடையில் தாள் அடுக்கியவன். முதல் வாரம் ஒரு தாளைக்கூடப் பிடிக்க முடியாமல் கை உதறும். நம்பரை மாற்றிவிட்டான், அதனால் அவனை அழைக்க வழியில்லாமல் போயிற்று. இப்போது அவ்வளவு கனமான கேமரா அவன் கையில் அசையாமல் நின்றது. அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. ஆனால் மேடம் என்கிறான். பக்கத்திலேயே அவனுடைய ஸ்டூடியோ முதலாளி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

செயலாளருக்குக் காலி நாற்காலிகள் உறுத்தியிருக்க வேண்டும். மைக்கைப் பிடித்தார். "அம்மாவால திருந்தினவங்க யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க. கூச்சப்படாதீங்க."

ஒருவரும் எழவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா, உங்க ஆளுங்க யார் வந்திருக்காங்க?" என்று மைக்கை அவளிடமே நீட்டினார்.

போட்டோக்காரன் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினான். "சார், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று முதலாளியிடம் நீட்டினான். அவன் கண் அவள்மேல் இருந்தது. என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்கா என்று அவன் வாயால் ஒரு தடவை, இத்தனை பேர் காதில் விழும்படி கேட்க வேண்டும் போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. எதுவும் விளங்காமல், "என்னடா?" என்று முறைத்துக்கொண்டிருந்தார் முதலாளி.

"யாரும் வரலைங்க" என்றாள் அவள் மைக்கில். "வேலை நேரம் பாருங்க. அவங்கவங்க பொழைப்பைப் பார்க்கணும்ல? அதோ, போட்டோ எடுக்கிறவர் ஏன் நிறுத்திட்டாரு? அவரை அவர் வேலையைப் பார்க்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அவன் அப்படியே நின்றான். பிறகு கேமராவைத் திரும்ப மாட்டிக்கொண்டு எடுத்தான், எடுத்தான், முதலாளி தோளைத் தட்டும்வரை எடுத்துக்கொண்டே இருந்தான்.

கூட்டம் முடிந்ததும் அவசரமாக வாசலுக்கு வந்தவளைச் செயலாளரின் மனைவி பிடித்துக்கொண்டாள். "இத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க, ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கலையே. நன்றி கெட்ட ஜனங்க."

இரண்டடி தள்ளி அவன் கேமரா ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தான். முதலாளியும் அங்கேதான் நின்றார்.

"ஆமாங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதுதான் அன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.