ஜன்னல் வைத்த எட்டு சிப்புகள்

1.

சுயம்புக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உதுமான் பாயின் பட்டறையில் ஏழு வருஷம் மிஸ்திரியாகக் குத்தவைத்தே ஈயம் பற்றவைத்த இடுப்பு. தாராவியில், ஏணி ஏறிப் போகிற மாடியறையில் நாலு நாளாக மல்லாக்கக் கிடக்கிறான். அப்படிக் கிடந்தபோதுதான் இந்தக் கதை பிறந்தது என்று எழுதினான்.

பொய். கதை பிறந்து ஒரு வருஷம் ஆகிறது. வலிதான் புதிது.

முதல் தொடக்கம்: '1988 அக்டோபரில் பம்பாய் வெயில் என்றைக்கும் இல்லாத கொடுமையாக—' விட்டுவிட்டான். அது எல்லா வருஷத்து வெயிலும்தான்.

இரண்டாவது: 'பேராச்சி கொஞ்சம் கவனமில்லாத—' இதையும் அடித்தான். உங்கள் கண்ணில் படட்டும் என்று கோட்டை மெல்லிசாகப் போட்டான்.

2.

சரக்கு தெரியாமல் கதை விளங்காது. ஆபீஸ்கள் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் பலகைகளிலிருந்து ஞாபகம் வைக்கிற சிப்புகளைக் கழற்றி, கால் நிமிர்த்தி, கடைகளுக்கு விற்பார் பாய். மூன்று தினுசு. உதிரி: இரண்டு பக்கமும் எட்டெட்டுக் கால், பூரான் மாதிரி. சீப்பு: எட்டொன்பது சிப்புகளை ஒரு சின்னப் பலகையில் ஏற்றி, அடியில் ஒரே வரிசையாக முப்பது ஊசிக்கால், ஒன்று ஒடிந்தாலும் போச்சு. பட்டை: காலே கிடையாது, விளிம்பில் தங்க முலாம், பள்ளத்தில் செருகினால் போதும். உருவம்தான் வேறு. கரண்டு போன நொடியில் மூன்றும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

[சுயம்பு இதைச் சொன்னபோது, பட்டறையில் கூட வேலை பார்த்த பேராச்சி, "எங்க வீட்டுக்காரரும் இந்தத் தினுசுதான் அண்ணாச்சி. சம்பளத்தன்னைக்கு மட்டும் வீடு மறந்துபோவும்" என்றாள்.]

நாலாவது ஒன்று உண்டு. முதுகில் கண்ணாடி ஜன்னல். கரண்டு போனாலும் மறக்காது; நேர் வெயிலில் சில நாள் கிடந்தால் மறக்கும். அதனால்தான் ஜன்னல்மேல் காகிதம் ஒட்டியிருப்பார்கள். சுயம்புக்கு இது இப்போது தெரியும்.

3.

மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன், செம்பூரில் ஒரு நெசவு ஆலையில் மெஷின் பார்ப்பவர். மழைத்தண்ணீர் புகுந்து கால் துருப்பிடித்த, மெஷினை ஓட்டும் புரோகிராம் எழுதிவைத்த எட்டு சிப்புகளைக் கொடுத்து, காலைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். எட்டிலும் ஜன்னல். எட்டிலும் காகிதம்.

பட்டறை வழக்கம் இது: எந்த சிப்பானாலும் காகிதத்தை உரி, பெட்ரோலில் கழுவு, தகரக் கூரையில் காயப்போடு, ஆள் வரும்வரை அங்கேயே கிடக்கட்டும். காகிதம் இருந்தால் கடைக்காரன் பழசு என்று விலையைக் குறைப்பான்.

கழுவுகிறவள் பேராச்சி. எட்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். இதில் பேனாவால் நம்பர் எழுதியிருக்கிறதே, உரிக்கலாமா என்று கேட்டாள்.

[இங்கே ஒரு வரி வேண்டும். பிறகு எழுதலாம்.]

உரித்தாள். பன்னிரண்டு நாள் கூரையில் கிடந்தன.

வேங்கடசுப்ரமணியன் வந்து வாங்கிப்போனார். மறுநாளே திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. "எல்லாம் போயிடுத்து பாய். எழுதினவன் குவைத் போயிட்டான், நகல் கிடையாது. மெஷின் நிக்கறது," என்றார். பிறகு கேட்டார்: "யார் இதை உரிச்சா?"

பேராச்சி சுயம்புவைப் பார்த்தாள். ஒரே தடவை. அவன் ஈயம் பற்றவைக்கும் சூட்டிரும்பின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த முனை.

"நாந்தான் உரிச்சேன்," என்றாள்.

பாய் அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

4.

பேராச்சி என்கிற பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறது. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? நல்ல மனசு என்று எழுதினால் வேலை சுலபம். ஆனால் மிஸ்திரிக்கு எதிராகக் கழுவுகிறவள் பேச்சு எடுபடாது என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இப்போது தேவ்நாரில் தோல் கழுவுகிறாள். சுயம்பு அவளை மாஹிம் ஸ்டேஷனில் பார்த்தான். உப்பில் விரலெல்லாம் வெடிப்பு. "நல்லா இருக்கீகளா அண்ணாச்சி?" என்றாள். வண்டி வந்தது, வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

5.

முடிவு ஒன்று: குவைத்திலிருந்து நகல் வருகிறது. வரவில்லை.

முடிவு இரண்டு: இடுப்பு சரியானதும் சுயம்பு நேரே பாயிடம் போய்—

இதற்கு மேல் அவனால் எழுத முடியவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் மூன்றாம் பகுதியில் விட்ட வரியை நிரப்பிவிடுகிறான்:

"எல்லாம் ஒண்ணுதாம்ட்டி, உரிச்சுப் போடு," என்றான் சுயம்பு.

உரிக்கச் சொன்னது நான் என்று பாயிடம் ஒரு வாக்கியம். பேராச்சிக்கு அவன் தர வேண்டியது அது. இன்னும் தரவில்லை.